கரிமீனுக்கு ஒரு கம்பு

அந்த வருடம் நான் வாரத்துக்கு முப்பத்தெட்டு மணிநேரம் சத்தம்போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். பாறசாலையில் ஒரு டுட்டோரியல் கல்லூரி. பத்தாம் வகுப்பில் தோற்றவர்களுக்கும், தோற்றுவிடுவார்கள் என்று பெற்றோர் பயந்தவர்களுக்கும் இயற்பியல் நடத்தினேன். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஓலைத்தட்டிதான் சுவர். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர் மலையாள இலக்கணம் நடத்துவார். அவர் குரலைத் தாண்டி என் குரல் கடைசி பெஞ்சு வரை போகவேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கேட்பதற்குக்கூடத் தொண்டை ஒத்துழைக்காது. கையால் காட்டுவேன். பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எழுதிய அரசுத் தேர்வுகளில் எல்லாம் என் பெயர் ஏதாவது ஒரு பட்டியலின் அடியில் வந்து அங்கேயே நின்றுவிட்டது.

சனிக்கிழமை மட்டும் மதியத்தோடு வகுப்பு முடியும். அந்த அரை நாள் என்னுடையது. பஸ் பிடித்து நெய்யாற்றின்கரை, அங்கிருந்து பூவார் பஸ், திருப்புறத்தில் இறங்கித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஆற்றுக்கு நடை. போக ஒன்றரை மணிநேரம், வர ஒன்றரை மணிநேரம். நடுவில் இரண்டு மணிநேரம் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீரில் நிற்கும் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்காகத்தான் அந்த மற்ற ஐந்தரை நாட்களையும் தள்ளினேன் என்று சொன்னால் மிகையில்லை.

எதிலும் பாதியாக இறங்குகிறவன் இல்லை நான். கல்லூரி முதல் வருடம் ரேடியோ கிறுக்கு. வீட்டிலிருந்த ஒரே ரேடியோவைக் கழற்றிப்போட்டேன். அடுத்து நட்சத்திரக் கிறுக்கு. அதற்கடுத்து வந்தது கரிமீன். எந்த நேரத்தில் கடிக்கும், மண்புழுவா இறால் துண்டா, ஆற்றில் உப்பு ஏறும் நாட்களில் எங்கே நிற்கும் என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன்.

எழுதி வைத்ததெல்லாம் ஒரே மழைக்காலத்தில் பொய்யாகிப்போனது. மணல் அள்ளும் படகுகள், எங்கள் பேச்சில் வள்ளங்கள், வந்து ஆற்றைக் கரையோரமாகவே தோண்டின. முழங்கால் ஆழத்தில் மீன் தெரிந்த இடத்தில் கிணறுபோல ஆழம் விழுந்தது. கரிமீன்கள் நடு ஆற்றில் மிச்சமிருந்த மணல்திட்டுக்குப் போய்விட்டன. அங்கே ஒரு தென்னைமரம் சாய்ந்து முக்கால்வாசி முங்கிக் கிடந்தது. நாலு மணி வெயிலில் அதைச் சுற்றி மீன்கள் பக்கம் திரும்பும்போது மின்னுவது கரையிலிருந்தே தெரியும். கரைக்கும் அதற்கும் ஐம்பது அடி இருக்கும். என் மூங்கில் கம்பும் நைலான் நரம்பும் சேர்ந்து அதில் பாதி. வள்ளம் கேட்கலாம் என்றால் எல்லா வள்ளத்திலும் மணல்.

என்னோடு வருவதற்கு ஒரு நண்பன் இருந்தான். கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சு. பூவார் கடற்கரைக்காரன், இயற்பியல் பட்டத்தை வீட்டில் வைத்துவிட்டு அப்பாவோடும் அண்ணன்களோடும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் வீட்டில் மீன் பிடிப்பது வேலை. லீவு நாளில் மீன் பிடிக்க வருகிற என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். இருந்தும் சனிக்கிழமை தவறாமல் வருவான். ஒருநாள் அவன் கடலில் பயன்படுத்தும் கைக்கயிற்றைக் கொண்டுவந்தான். கம்பு கிடையாது; கட்டையில் சுற்றிய நரம்பு, நுனியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஈயம். தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி விட்டான். மிகச் சரியாகத் தென்னைமரத்தின் பக்கத்தில் போய் விழுந்தது. விழுந்த சத்தத்தில் ஒரு மீன் மிச்சமில்லை.

“எங்க கடல்ல ஈயம் விழுந்தா மீனு என்னதுண்ணு பாக்க வரும். ஒனக்க ஆத்து மீனு டுட்டோரியல் பிள்ளைய மாதிரியாக்கும்லே. சத்தம் கேட்டா போதும், ஓடிரும்” என்றான்.

அப்படித்தான் கம்பும் நரம்பு சுற்றும் ரீலும் என் தலைக்குள் ஏறின. திருவனந்தபுரத்தில் ஒரு நூலகத்தில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று கையில் கிடைத்தது. அமெரிக்காவில் கிராப்பி என்று ஒரு ஏரி மீனாம். கையகலம், தட்டையான உடம்பு, காகிதம்போல மெல்லிய வாய். கரையில் நின்றே பிடிக்கிறார்கள். படத்தைப் பார்த்தபோது கரிமீனின் ஒன்றுவிட்ட தம்பி என்று தோன்றியது. அந்த மீனுக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம் என்று அதில் போட்டிருந்தது. ஏழடிக்குள் மெல்லிய கம்பு, முன்பக்கம் திறந்த சின்ன ரீல், நூல் மாதிரி நரம்பு. இதைப் படித்ததும் எனக்குள் இருந்த இயற்பியல்காரன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். லேசான தக்கையைத் தூரமாக எறிய வேண்டுமானால் கையில் பலம் இருந்து பிரயோஜனம் இல்லை. கம்பு வில்லாக வளைந்து தானே விசிறவேண்டும். ரீல் நரம்பைப் பிடித்து நிறுத்தாமல் வழியவிட வேண்டும். நரம்பு தடித்தால் காற்றே அதைத் தடுத்துவிடும். கம்பு விறைப்பாக இருந்தால் இழுக்கும்போது கொக்கி மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வரும். இதை நண்பனுக்கு பஸ்ஸில் நெய்யாற்றின்கரையிலிருந்து பாலராமபுரம் வரை சொன்னேன். அவன் பாலராமபுரத்தில் தூங்கிவிட்டான்.

அன்றைக்கு நாங்கள் போனது திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிக்கு. வலையும் கயிறும் விற்கும் ஒரு கடையில் கம்புகள் உண்டு என்று அவன்தான் விசாரித்து வைத்திருந்தான். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது ஒரு பத்தடிக் கம்பு, பெருவிரல் தடிமன், அதில் தேங்காய் மூடி அளவுக்கு ரீல். என் கையில் இருந்த பணத்துக்கு அது வரும். மீதிக்கு டீயும் குடிக்கலாம். அவரும் அதைத்தான் வாங்கச்சொன்னார். பொருள் பெரிதாக இருக்கும்போது விலை குறைவாக இருந்தால் ஏன் யோசிக்கவேண்டும் என்பது அவருடைய கேள்வி. சுறா கடித்தாலும் தாங்கும் என்றார்.

“அண்ணே, சுறா எனக்க வீட்டு முற்றத்துல கெடக்கும்” என்றான் நண்பன். “இவனுக்குக் கரிமீனாக்கும் வேணும்.”

கடைக்காரர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பரணிலிருந்து வேறொன்றை இறக்கினார். ஆறரை அடி, இரண்டு துண்டாகக் கழற்றலாம். நுனி விளக்குமாற்று ஈர்க்கில் போல இருந்தது. நண்பன் அடியைப் பிடித்துக்கொண்டு நுனியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொன்னான். லேசாகத்தான் அழுத்தினேன். கம்பு பாதிவரை வளைந்து, விட்டதும் சத்தமில்லாமல் நிமிர்ந்தது. இதுதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோனது. கம்பைப்பற்றி அதுவரை கிண்டல் மட்டுமே செய்தவன் அதை இன்னொரு முறை வளைத்துப் பார்த்தான். ரீலோடு சேர்த்து விலை கேட்டோம். என் இரண்டு மாதச் சம்பளம்.

பெரியதை வாங்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவனுக்கு எதையாவது கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும் என்று தோன்றும். நண்பன் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. நெய்யாற்றின்கரை வரை நின்றுகொண்டே வந்தோம்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் டீயை விட்டேன், இரண்டு சனிக்கிழமை பஸ் கூலியையும் மிச்சம் பிடித்தேன். அப்போதுதான் எங்கள் தேவாலயச் சபையைச் சேர்ந்த ஒருவர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தார். அம்மா வழியில் எனக்கு மாமா முறை. அவர் பெட்டிகளோடு ஒரு மீன்பிடி கம்பும் வந்திருக்கிறது என்று அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஆறரை அடி. இரண்டு துண்டு. சின்ன ரீல், நரம்போடு. அங்கே கடற்கரையில் அவரோடு வேலைசெய்த ஒருவர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். ஒருநாள்கூட அவர் அதைத் தண்ணீரில் வைக்கவில்லை. நான் விலை கேட்டேன். மாமா சங்கடமாகச் சிரித்தார். பத்திரமாக ஊர் வந்து சேர்ந்ததற்கு நன்றியாக அதை அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வைப்பதாகப் போதகரிடம் சொல்லிவிட்டாராம்.

“சொன்ன வாக்கு சொன்னதாக்கும் மக்கா. நீ ஏலத்துல வந்து எடு. வாழைக்குலைக்கும் கோழிக்கும் நடுவுல இதை யாரு கேக்கப் போறா? ஒருத்தரும் வாய் தெறக்கமாட்டாவ.”

அறுப்பின் பண்டிகை எங்கள் பக்கத்து ஆலயங்களில் எல்லாம் உண்டு. அவரவர் விளைச்சலில் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள்: மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், சேனை, வாத்து, ரப்பர் ஷீட்டு. விளைச்சல் இல்லாதவர்கள் கையில் இருப்பதைக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் மேசை போட்டு ஏலம். எங்கள் சபையில் அதற்கு ஒரு வழக்கம். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளை மறுபடியும் ஆலயத்துக்கே கொடுத்துவிடலாம். அது மறுபடி ஏலத்துக்கு வரும். நல்ல செவ்வாழைக்குலை ஒன்று நாலு முறை விற்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டாயம் ஒன்றும் இல்லை. பலரும் எடுத்ததை வீட்டுக்குத்தான் கொண்டுபோவார்கள். ஆனால் திருப்பிக் கொடுப்பவருக்குக் கைதட்டு உண்டு.

என் அப்பா பன்னிரண்டு வருடமாக சபைக் கமிட்டியில் இருந்தார். பாலராமபுரத்தில் ஒரு கைத்தறிக் கடையில் கணக்கெழுதும் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லாதவர். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்றை, ஒரு பூசணிக்காயையாவது, ஏலம் எடுத்துத் திரும்ப வைப்பார். அவரும் நானும் அந்த நாட்களில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சண்டை எதுவும் இல்லை. அவர் ஒவ்வொரு தேர்வுப் பட்டியல் வரும்போதும் கேட்பார், நான் இல்லை என்பேன். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். ஆற்றுக்குப் போவது அவருக்குத் தெரியும். எதற்குப் போகிறேன் என்று கேட்டதில்லை. கம்பைப்பற்றி நானும் சொல்லவில்லை. ஏலத்தில் எடுக்கப்போகிறேன் என்பதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அரை நிமிடம் போதும்.

நண்பன் வேடிக்கை பார்க்க வந்து, வாசலருகே டீக்கடைக்காரர் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சேனைக்கும் ஒரு ஜோடி வாத்துக்கும் பிறகு கம்பு மேசைக்கு வந்தது. செயலாளர் அதைத் தூக்கிப் பிடித்து, என்னவென்று சொல்லத் தெரியாமல், வெளிநாட்டுக் கம்பு என்றார். சிரிப்பு. நான் ஆரம்ப விலையைக் கேட்டேன். மாமா சொன்னதுபோல ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஒருவரைத் தவிர. வெள்ளறடையில் ரப்பர் வாங்கி விற்கிறவர். மனைவி வீட்டு சபை என்று வருடாவருடம் வருவார். பொழுதுபோக்குக்குக் கேட்பவர்போல நாலைந்து முறை ஏற்றினார். நான் விடவில்லை. என்னிடம் திரும்பிப்போக பஸ் கூலி மட்டுமே மிஞ்சும் ஒரு இடத்தில் அவர் கையை விரித்துவிட்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

பணத்தைக் கட்டிவிட்டுக் கம்பை வாங்கினேன். மேசையிலிருந்து நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இருபது எட்டு இருக்கும். அந்த இருபது எட்டும் அது என்னுடையதாக இருந்தது. கையில் கனமே தெரியவில்லை. நடக்கும்போது நுனி தானாக ஆடியது. அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்குத் தக்கை எங்கே போய் விழும் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது அப்பா கமிட்டிக்காரர்களின் வரிசையிலிருந்து எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “அது திரும்ப ஆலயத்துக்கே இருக்கட்டும்.”

கைதட்டினார்கள். போதகர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருடமாக அந்த முகத்தில் நான் பார்க்காத ஒன்று இருந்தது. தன் மகன் தன்னிடம் சொல்லாமலே, சொந்தச் சம்பளத்தில், தன்னைப்போலவே ஆலயத்துக்கு ஒன்றைச் செய்திருக்கிறான் என்று அவர் நம்பினார். நான் வாயைத் திறந்தேன். வாரத்துக்கு முப்பத்தெட்டு மணிநேரம் வேலை செய்கிற வாய். அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. செயலாளர் வந்து கம்பை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். இரண்டாவது ஏலம் ஒரு நிமிடம்கூட நடக்கவில்லை. ஒரு டுட்டோரியல் வாத்தியார் எடுத்துத் திரும்ப வைத்த பொருளை விட்டுக்கொடுத்தால் ரப்பர் வியாபாரிக்கு என்ன மரியாதை. ஒரே வாயில் இரட்டை விலை சொல்லி எடுத்தார். அவர் திரும்ப வைக்கவில்லை. ஜீப்பின் பின்சீட்டில் வாத்துகளோடு அது வெள்ளறடைக்குப் போனது.

நண்பன் வாசலில் காத்துக்கொண்டிருந்தான். ரோட்டுக்கு நடந்தோம்.

“பைசாவும் போச்சு, கம்பும் போச்சு. கிட்டினது என்னது? கைதட்டு” என்றான். “எங்க மாதா கோயில்ல கோழி ஏலம் எடுத்தா அண்ணு ராத்திரி அது கறியாக்கும். நீங்க என்னடாண்ணா எடுக்கியதும் குடுக்கியதும்.”

“அப்பா அறிஞ்சு செஞ்சதில்ல.”

“அறியாதவருக்குச் சொல்லிக் குடுக்கியதுதானலே ஒனக்க வேலை. ஊருப் பிள்ளையளுக்கு எல்லாம் சொல்லிக் குடுக்குத.”

அவன் டீ வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். களைப்பு என்று அம்மாவிடம் சொன்னேன், பொய்யும் இல்லை. இரண்டாவது சனிக்கிழமை அப்பா அறை வாசலில் வந்து நின்றார்.

“இப்பம் ஆத்துக்குப் போவதில்லையா?”

கோபமாகச் சொல்லவேண்டும் என்று நினைத்து வைத்திருந்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கேயோ போய்விட்டது. படுத்தபடியே, மூங்கில் கம்பு எட்டாது என்றும், எட்டுகிற கம்பை அவர்தான் திரும்பக் கொடுத்தார் என்றும் சொன்னேன். அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ எனக்ககிட்ட ஒரு வாக்கு சொல்லியிருக்கலாம்.”

“நீங்க கேட்டிருக்கலாம்.”

அவர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். திங்கட்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு எங்கோ போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். இருட்டும் நேரத்தில் வந்தார். கை வெறுமையாக இருந்தது. கால் கழுவிவிட்டு, நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளறடைக்குப் போயிருந்தாராம். இரண்டு பஸ் மாறி, ரப்பர் கடைவரை மேட்டில் நடந்து.

காணிக்கையாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்டுப் போகிறவரைப்பற்றி எங்கள் சபையில் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமும் அதில் போய்விடும். அந்த வியாபாரி நல்ல மனிதர்தான். கம்பு அவர் கடைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்ததாம். கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார், பணம்கூட வேண்டாம் என்று. அப்பா அதை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்திருக்கிறார். பஸ்ஸும் வந்தது.

“ஏற முடியல்ல. திரும்பப் போய் அவருக்ககிட்டயே குடுத்திட்டேன். எனக்க வாயால ஆலயத்துக்குண்ணு சொன்ன பொருளாக்கும் அது.”

நான் திருத்திக்கொண்டிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒரு நாளில் நாலு பஸ் ஏறி இறங்கிய மனிதரின் முட்டியைப் பார்த்துக்கொண்டு கோபப்பட எனக்குத் தெம்பில்லை. சரிப்பா என்றேன். அம்மா அவருக்குப் பால் சேர்க்காத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள்.

அவர் அதை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு வலதுகையை, எதையோ தூக்கிப் பார்ப்பதுபோல, மேலும் கீழும் அசைத்தார்.

“அதுல நூலு நம்ம கடை நூலைவிட நேர்த்தியா இருக்கு. கம்பு ஒரு கனமும் இல்ல. இதுல எப்பிடிலே மீனு நிக்கும்?”

என் தொண்டை அன்றைக்கும் புண்ணாகத்தான் இருந்தது. ஐந்து வகுப்பு எடுத்துவிட்டு வந்திருந்தேன். சிவப்பு மை பேனாவை மூடி வைத்துவிட்டு, மணல் வள்ளத்திலிருந்து ஆரம்பித்தேன். திட்டு, தென்னைமரம், ஐம்பது அடி. கம்பு ஏன் வளையவேண்டும் என்பதைக் காட்ட அம்மாவின் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கில் உருவிக்கொண்டு வந்தேன். அவர் அதை வாங்கி வளைத்துப் பார்த்தார். ரீலுக்கு வரும்போது அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நரம்பின் தடிமனைப்பற்றிச் சொல்லும்போது கண் மூடிவிட்டது. ஈர்க்கில் மட்டும் விரல்களில் இருந்தது. தாள்கள் பாக்கி கிடந்தன. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஈயம் எவ்வளவு போடவேண்டும் என்பதையும் சொல்லி முடித்தேன்.